இடிந்த சுவரும் இந்திரனின் கையும்

தென்னாட்டில் பல மொழிகளில், பல வடிவங்களில் வழங்கிவரும் பழங்கதை ஒன்று உண்டு. செல்வந்தர் ஒருவரின் பழைய வீட்டில் திருடன் ஒருவன் கன்னம் வைத்து நுழைந்தான். ஈரம் ஊறிப் பலமிழந்து நின்ற சுவர் அவன்மீது சரிந்தது. அவன் அங்கேயே மாண்டான். அவனுடைய தம்பி அரசனிடம் ஓடிச் சென்று, 'தொழிலுக்குப் போன என் அண்ணனை இந்த வீட்டுச் சுவர் கொன்றுவிட்டது, நீதி வேண்டும்' என்று முறையிட்டான். அரசன் வீட்டுக்காரரை வரவழைத்தான். சுவரைக் கட்டியவர் தம் தந்தை காலத்துக் கொத்தனார் என்றும், குற்றம் அவருடையதே என்றும் அவர் சொன்னார். கொத்தனாரோ, சுவர் எழுப்பிய நாளில் ஒரு நாட்டியக்காரி சலங்கை ஒலிக்கத் தெருவில் அங்குமிங்கும் நடந்து தம் கவனத்தைச் சிதறடித்தாள் என்றார். தன்னை அப்படி அலையவைத்தவர், நகையைக் குறித்த நாளில் தராத பொற்கொல்லர் என்றாள் நாட்டியக்காரி. திருமண நகையை முதலில் முடித்துத் தரும்படி ஒரு பெரிய மனிதர் நெருக்கியதே தாமதத்துக்குக் காரணம் என்றார் பொற்கொல்லர். அந்தப் பெரிய மனிதர் வேறு யாருமல்லர். சுவருக்கு உரிய செல்வந்தரின் காலஞ்சென்ற தந்தையே! முடிவில், குற்றம் யாருடையது என்பதையே மறந்துவிட்டு, கழுமரத்தின் பருமனுக்குப் பொருத்தமான ஓர் ஆளைத் தேடச் சேவகர்களை அனுப்பினான் அரசன்.

கேட்பவர் சிரிக்கிறார்கள். ஆனால் இக்கதையில் சிரிப்புக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. கதையில் வரும் ஒவ்வொருவரும் கூறுவது முழுப் பொய்யன்று. சலங்கை ஒலித்திருக்கலாம், நகை தாமதமாகியிருக்கலாம், அவசரம் காட்டியவரும் இருந்திருக்கலாம். காரணங்களின் சங்கிலி உண்மைதான். எனினும் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்த எவரும் இடிந்த சுவரின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காரணத்தைத் தேடுவது ஒன்று, பொறுப்பை ஏற்பது மற்றொன்று. முதலாவதில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இரண்டாவது, யாரேனும் ஒருவர் நின்று 'இது என்னுடையது' என்று சொல்லும்போதே தொடங்குகிறது.

ஒரு வீதியில் எழும் கேள்வி

இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. திருப்பதி நகரை எடுத்துக்கொள்வோம். திருமலை ஏறுவதற்காக நாள்தோறும் பல்லாயிரம் பேர் வந்திறங்கும் ஊர் அது. கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில், வாழ்வதற்கென்று கட்டிய வீடுகள் பல காலப்போக்கில் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் உருமாறின. சித்தூரிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஓட்டு வீடு மாடி வீடாகிறது. ஒரு மாடி மூன்று மாடியாகிறது. நெருங்கிய தெருக்களில் ஒரு வீட்டின் சுவரும் அடுத்த வீட்டின் சுவரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சில இடங்களில் இரண்டுக்கும் ஒரே சுவர்தான்.

இத்தகைய ஒரு தெருவில், ஒருவர் தம் வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே இரண்டு மாடிகள் எழுப்ப வேண்டும். அதற்குத் தூண்கள் வேண்டும். தூண்களுக்கு ஆழமான அஸ்திவாரக் குழி வேண்டும். வேலை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பக்கத்து வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு. அதன் அஸ்திவாரம் மூன்றடிக்கு மேல் இராது. அதில் ஒரு மூதாட்டி தனியே வசிக்கிறார். குழி ஆறடி ஆழத்துக்கு, நீளவாக்கில் ஒரேயடியாக வெட்டப்படுகிறது. அன்றிரவு மழை பெய்கிறது. காலையில் மூதாட்டியின் சமையலறைச் சுவரில், சன்னலின் மூலையிலிருந்து கூரையை நோக்கிக் குறுக்காக ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. கதவு நிலையில் சிக்கிக்கொண்டு திறக்க மறுக்கிறது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதைக் கட்டடத் தொழில் அறிந்தவர்கள் எளிதாக விளக்குவார்கள். ஒரு சுவரைத் தாங்குவது அதற்கு நேர் கீழே உள்ள மண் மட்டுமன்று. பக்கவாட்டில் நெருங்கி நிற்கும் மண்ணும் சேர்ந்தே தாங்குகிறது. பக்கத்து மண்ணை அகற்றினால், சுவருக்குக் கீழுள்ள மண் வெற்றிடத்தை நோக்கி நழுவுகிறது. மழைநீர் சேர்ந்தால் நழுவல் விரைவாகிறது. சுவரின் ஒரு பகுதி இறங்க, மறுபகுதி இறங்காமல் நிற்க, இடையே பலவீனமான இடமாகிய சன்னல் மூலையில் விரிசல் பிறக்கிறது. குழியைச் சிறு சிறு பகுதிகளாக வெட்டியிருந்தால், பலகையும் கட்டையும் கொண்டு மண்ணுக்கு முட்டுக் கொடுத்திருந்தால், மழைக்காலம் கழியும்வரை காத்திருந்தால் இது நேராமல் தடுத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாளும் பணமும் செலவாகும்.

இப்போது மூதாட்டி கேட்கிறார்: 'என் சுவரை யாரப்பா சரிசெய்து தருவது?'

வீட்டுக்காரர், 'நான் மண்வெட்டியைத் தொடவே இல்லை அம்மா. பொறுப்பை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன்' என்கிறார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் காட்டுகிறார். மேஸ்திரி, 'முட்டுக் கொடுக்க மரம் கேட்டேன், வாங்கித் தரவில்லை' என்கிறார். வரைபடம் போட்ட பொறியாளர், பக்கத்து வீட்டின் அஸ்திவாரம் இவ்வளவு மேலோட்டமானது என்று தமக்கு யாரும் சொல்லவில்லை என்கிறார். கூடி நிற்பவர்களில் ஒருவர், 'மழை பெய்யாவிட்டால் ஒன்றும் ஆகியிராது, எல்லாம் தெய்வச் செயல்' என்று முடிக்கிறார். பழங்கதையின் அரசசபை மீண்டும் கூடிவிட்டது!

சட்டம் கண்ட விடை

இந்தச் சிக்கலை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சந்தித்து வந்துள்ளன. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டங்களில், பலமில்லாத வீட்டைக் கட்டி அது இடிந்தால், கட்டியவனே தன் செலவில் மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. இதுவரை நியாயமே. ஆனால் அதே சட்டம், வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால் கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. கல்லும் மண்ணும் அறியாத ஒரு பிள்ளை, தந்தையின் பிழைக்காக உயிரைக் கொடுக்க வேண்டும். இழப்புக்கு இழப்பைச் சமன் செய்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது சான்று. நீதி என்பது இன்னொரு வீட்டிலும் விரிசலை உண்டாக்குவது அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் இந்தக் கேள்வி தெளிவாக எழுந்தது. பவர் எதிர் பீட் என்ற 1876-ஆம் ஆண்டு வழக்கில், ஒருவர் தம் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்பந்தக்காரரை அமர்த்தினார். பக்கத்து வீட்டைத் தாங்கிப் பாதுகாக்கும் பொறுப்பையும் ஒப்பந்தக்காரர் ஏற்றிருந்தார். இருந்தும் பக்கத்து வீடு சேதமடைந்தது. தாம் பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டதாக வீட்டுக்காரர் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பக்கத்து வீட்டுக்குச் செய்யவேண்டிய கடமையை அவ்வாறு ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ள முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதே உணர்வை வேறு வகையில் பதிவு செய்தது. தொடக்கத்திலேயே அச்சட்டம் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. இன்றைய சித்தூர், திருப்பதிப் பகுதிகள் அப்போது அம்மாகாணத்தைச் சேர்ந்தவை. ஒருவருடைய நிலம் தன் இயல்பான நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்குதலைப் பெறும் உரிமையுடையது என்கிறது அச்சட்டம். அந்நிலத்தின்மீது ஒரு கட்டடம் நின்று, இருபது ஆண்டுகள் தடையின்றி அத்தாங்குதலைப் பெற்றிருந்தால், அந்தக் கட்டடத்துக்கும் உரிமை உருவாகிறது.

இதில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. 'இது என் நிலம், என் விருப்பம்போல் தோண்டுவேன்' என்று சொல்பவர், தம் நிலம் தமக்கு மட்டும் உழைப்பதாக நினைக்கிறார். ஆனால் அது இத்தனை ஆண்டுகளாகச் சத்தமின்றிப் பக்கத்து வீட்டையும் தாங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்கு வேலி தெரியாது. 2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த பெருமழையின்போது, ஒரு வீட்டில் சிமெண்டு வளையங்களை அடுக்கி மண்ணுக்குள் அமைத்திருந்த தண்ணீர்த் தொட்டி தரைக்கு மேலே எழும்பி நின்றதைப் பலரும் வியப்புடன் பார்த்தார்கள். நிலத்தடியில் நீர் பெருகியதும் தொட்டி தோணியைப்போல் மேலே உந்தப்பட்டது. பத்திரத்தில் போட்ட எல்லைக் கோடு காகிதத்தில்தான் இருக்கிறது. பூமிக்குள் நீரும் பாரமும் அதைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. வேதாந்தம் பேசும் ஒருமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஓர் அஸ்திவாரக் குழியின் ஓரத்தில் நின்று பார்த்தாலும் போதும்.

ஐந்து காரணங்கள்

சட்டம் கடமையைச் சுட்டிவிட்டது. எனினும் மனம் அத்துடன் அமைதியடைவதில்லை. 'நான் செய்யவில்லையே' என்ற குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கிறது. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இங்கே துணைக்கு வருகிறது. எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறார் ஸ்ரீகிருஷ்ணர்: இருப்பிடம், கர்த்தா, கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இருப்பிடம் என்பதற்கு உரையாசிரியர்கள் உடலையே பொருளாகக் கொள்வர். வீட்டு வேலைக்கு உவமையாகப் பொருத்திப் பார்த்தால் நிலம் இருப்பிடம், வேலையை விரும்பித் தொடங்கி அதன் பயனைப் பெறப்போகிறவர் கர்த்தா, ஆட்களும் கருவிகளும் மூன்றாவது, வெட்டுதலும் சுமத்தலும் நான்காவது, மழை ஐந்தாவது.

மழையைக் காட்டியவர் ஐந்தில் ஒன்றைச் சரியாகவே சொன்னார். ஆனால் மற்ற நான்கை மறைத்துவிட்டார். ஐந்தாவது காரணம் தெய்வம் என்பது உண்மைதான். அதனால் மற்ற நான்கும் இல்லாமல் போய்விடுவதில்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பது எவருக்கும் தெரியாத இரகசியமா என்ன?

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. 'எல்லாவற்றையும் செய்தவன் நானே' என்று நினைப்பவன் சரியாகக் காண்பதில்லை என்றும் கீதை அதே இடத்தில் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சிலர் நழுவப் பார்க்கிறார்கள். 'நான் கர்த்தா அல்லன் என்பதுதானே ஞானம்? அப்படியானால் விரிசலுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?'

இந்த வாதத்துக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதை ஒன்றே போதும். ஓர் அந்தணர் அழகிய தோட்டம் அமைத்தார். ஒருநாள் பசு ஒன்று உள்ளே புகுந்து செடிகளை மேய்ந்தது. கோபத்தில் அவர் அடித்த அடியில் பசு இறந்துவிட்டது. பசுவைக் கொன்ற பாவம் அவரைத் தேடி வந்தது. வேதாந்தம் கற்றிருந்த அவர், 'கைக்கு அதிதேவதை இந்திரன். அடித்தது கை. ஆகவே பாவம் இந்திரனையே சேரும்' என்று அதைத் திருப்பியனுப்பினார். இந்திரன் ஒரு முதியவரின் வடிவில் தோட்டத்துக்கு வந்தான். 'இவ்வளவு அழகிய தோட்டத்தை யார் அமைத்தது?' என்று கேட்டான். அந்தணர் பெருமிதத்துடன், இந்த மரத்தை வைத்ததும் நான், அந்தப் பாதையை அமைத்ததும் நான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். உடனே இந்திரன் கேட்டான்: தோட்டமெல்லாம் உம் கை செய்தது, பசுவைக் கொன்றது மட்டும் இந்திரன் கையா?

புதுப்பித்த வீட்டின் கிரகப்பிரவேசத்தை நினைத்துப் பார்த்தால் இக்கதையின் கூர்மை விளங்கும். விருந்தினர் வந்து, 'எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறீர்கள்!' என்று பாராட்டுகிறார்கள். அப்போது வீட்டுக்காரர், 'நான் எங்கே கட்டினேன், கட்டியது ஒப்பந்தக்காரர்' என்று சொல்வதில்லை. மாடி அறைகளுக்கு வாடகை வரத் தொடங்கும்போது அதை மேஸ்திரியின் கையில் கொடுப்பதுமில்லை. வீடு என்னுடையது, வாடகை என்னுடையது, பாராட்டு என்னுடையது. விரிசல் மட்டும் அவனுடையது! 'நான் கர்த்தா அல்லன்' என்ற ஞானம் உண்மையா போலியா என்று அறிய எளிய உரைகல் இதுவே. புகழையும் பயனையும் முன்பே துறந்தவர்தான் பழியைப் பற்றியும் அவ்வாறு பேச முடியும். அத்தகையவரோ பேசிக்கொண்டிருக்க மாட்டார். சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பிறர் வினையும் தன் கடமையும்

இன்னொரு தத்துவமும் இவ்விடத்தில் தவறாகக் கையாளப்படுகிறது. 'அந்த அம்மாவுக்கு இப்படி நடக்க வேண்டும் என்று வினை இருந்தால் யார் என்ன செய்ய முடியும்?' வினைக் கோட்பாட்டை இதைவிடக் கொடுமையாகப் பயன்படுத்த முடியாது.

வினைக் கோட்பாடு ஒருவர் தம்மை நோக்கிப் பேசுவதற்கு உரியது. துன்பம் தமக்கு வரும்போது, 'இதுவும் என் வினைப்பயன், பொறுத்துக்கொண்டு மேலே நடப்பேன்' என்று கூறிக்கொள்பவருக்கு அது வலிமை தருகிறது. அதே சொற்களைத் துன்பத்தில் இருக்கும் இன்னொருவரை நோக்கிச் சொல்லும்போது அவை நெஞ்சின் ஈரத்தை உலர்த்திவிடுகின்றன. அந்த மூதாட்டி விரும்பினால் தம் வினை என்று எண்ணிக்கொள்ளட்டும். அது அவருடைய உள்ளத்துக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. அவருடைய சுவர் யார் தோண்டிய குழியால் பிளந்ததோ, அவருக்கு அப்படிச் சொல்லும் உரிமை இல்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி, 'இப்போது என் வினை என்னவாக இருக்கப் போகிறது?' என்பதுதான். முன்வினை எதுவாயினும், இன்று செய்வதும் செய்யாமல் விடுவதும் புதுவினையே அல்லவா?

காளத்தி தரும் பாடம்

திருப்பதிக்கு அருகில், பொன்முகலி என்னும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள திருக்காளத்தி, இழப்பையும் ஈடு செய்தலையும் பற்றி இரண்டு முறை பாடம் புகட்டிய தலம்.

அண்மைக் காலத்தில் நடந்தது முதலாவது. அங்கே கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டில் எழுப்பிய ஏழுநிலை இராஜகோபுரம் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகள் நின்றது. அதில் விரிசல்கள் தோன்றியிருந்தன. பல காலமாக அவை பலர் கண்ணிலும் பட்டிருந்தன. 2010 மே 26-ஆம் நாள் இரவு கோபுரம் சரிந்து மண்மேடாயிற்று. விரிசல் பெரிதாவதைக் கண்டு அருகில் இருந்தவர்களை முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால் மனித உயிர்கள் தப்பின. அதன் பிறகு காரணங்கள் பற்றிப் பலவாறாகப் பேசப்பட்டது. கட்டுமான நிறுவனம் ஒன்று செலவை நன்கொடையாக ஏற்றுப் புதிய கோபுரம் எழுப்பியது. 2017-ஆம் ஆண்டில் அதற்குக் குடமுழுக்கு நடைபெற்றது.

இங்கே செலவை ஏற்றவர்கள் இடிந்ததற்குக் காரணமானவர்கள் அல்லர். பணம் செலுத்துதலும் குற்றம் சுமத்தலும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. யாருடைய பிழை என்ற ஆராய்ச்சி முடியும்வரை காத்திராமல், 'நான் எழுப்பித் தருகிறேன்' என்று ஒருவர் முன்வர முடியும். அதே வேளையில், எவ்வளவு செலவிட்டாலும் 1516-ஆம் ஆண்டின் கோபுரம் திரும்பி வராது. அதே இடத்தில் அதே அமைப்பில் இன்னொன்று நிற்கலாம். அந்த ஐந்நூறு ஆண்டுகளை யாராலும் கட்டித் தர இயலாது. ஈடு செய்ய முடியாத இழப்புகள் உலகில் உண்டு. மூதாட்டியின் சமையலறைச் சுவரும் அத்தகையதாக இருக்கலாம். அது அவருடைய மாமியார் காலத்தில் பூசிய சுவராக இருக்கலாம். ஆகவே இழப்பீடு என்பது கடைசி மருந்து. முதல் மருந்து, விரிசல் மெல்லியதாக இருக்கும்போதே அதைப் பார்க்கும் கண்.

கண் என்றதும் திருக்காளத்தியில் நினைவுக்கு வருபவர் கண்ணப்ப நாயனார். பெரியபுராணம் கூறும் அவர் வரலாற்றில் பலரும் கடைசி நிகழ்ச்சியையே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் நடந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறைவனின் திருக்கண்ணில் குருதி வழிவதைக் கண்ட திண்ணனார் முதலில், இதைச் செய்தவர் யார் என்று வில்லுடன் தேடினார். எவரையும் காணவில்லை. உடனே தேடலை நிறுத்திவிட்டுப் பச்சிலை கொண்டுவந்து பிழிந்தார். குருதி நிற்கவில்லை. மூன்றாவதாகத் தம் கண்ணையே பெயர்த்து அப்பினார்.

குற்றவாளியைத் தேடல், மருந்து தேடல், தன்னையே தருதல் என்று மூன்று படிகள். முதற்படி தவறன்று, தீங்கு செய்தவரைக் கண்டறிவது நீதிக்குத் தேவை. ஆனால் திண்ணனார் அங்கேயே நின்றுவிடவில்லை. குருதி வழிந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் அக்காயத்துக்கு அவர் காரணமே அல்லர்! காரணமே இல்லாதவர் கண்ணைக் கொடுத்த ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தொலைவில், காரணமானவர் ஒரு மூட்டை சிமெண்டு கொடுக்கத் தயங்குவது எவ்வளவு வருந்தத்தக்கது!

சுமை எங்கே போய் இறங்குகிறது?

பொறுப்பை ஏற்பது என்பது எல்லாவற்றையும் வீட்டுக்காரர் ஒருவரே கடைசிவரை சுமக்க வேண்டும் என்று பொருள்படாது. ஒப்பந்தக்காரர் கவனக்குறைவாக நடந்திருந்தால் அவரிடமிருந்து உரிய பங்கைப் பெறுவது நியாயம். பொறியாளர் பார்க்க வேண்டியதைப் பாராமல் வரைந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு அவர்களுக்குள் தீர வேண்டிய கணக்கு. மூதாட்டி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். அவர்கள் தங்களுக்குள் வாதாடி முடிக்கும்வரை அவர் விரிந்த சுவருக்கடியில் சமைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்தத் தர்மம்? முதலில் சுவர், பிறகு கணக்கு.

அந்தக் கணக்கைத் தீர்க்கும்போதும் ஓர் ஆபத்து உண்டு. நீர் பள்ளத்தை நாடுவதுபோல் பழியும் செலவும் எளியவரை நாடுகின்றன. ஒப்பந்தக்காரர் மேஸ்திரியின் பணத்தைப் பிடிக்கிறார். மேஸ்திரி கொத்தனாரின் கூலியைக் குறைக்கிறார். கொத்தனார் சித்தாளிடம் 'நாளைக்கு வா' என்கிறார். முட்டுக் கொடுக்க மரம் வாங்காமல் மிச்சம் பிடித்தவர் ஒருவர். அன்றாடக் கூலியை இழந்து, மாலையில் வெறுங்கையுடன் வீடு திரும்புபவர் மற்றொருவர். பழங்கதையில் கழுமரத்துக்குப் பொருத்தமான ஆளைத் தேடிய அரசனைப்போல, இங்கே எதிர்த்துப் பேச வலிமையில்லாத ஆள் தேடப்படுகிறார். குழிக்குள் இறங்கி நின்று, மண் சரிந்திருந்தால் முதலில் உயிரைக் கொடுத்திருக்கக் கூடியவரும் அவரே.

1993-ஆம் ஆண்டில் இந்திய உச்சநீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் வழங்கிய தீர்ப்பு இங்கே நினைக்கத்தக்கது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு சேவையே என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. அதில் மேலும் ஒரு கருத்து வலியுறுத்தப்பட்டது. அதிகாரிகளின் முறையற்ற நடத்தையால் ஒருவர் அலைக்கழிக்கப்பட்டால், அதற்கான இழப்பீட்டைப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்து முடித்துவிடக் கூடாது. காரணமானவர்களிடமிருந்தே அது பெறப்பட வேண்டும். பணம் கொடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பது அரைநீதி. அது யார் மடியிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். முடிவெடுத்தவரும் பயன் பெறுபவரும் தப்பிக்க, ஏவலுக்குப் பணிந்தவர் செலுத்துவாரானால், கணக்கு நேராகலாம், தர்மம் நேராகாது.

பெறுபவரின் தர்மம்

தர்மம் கொடுப்பவருக்கு மட்டும் உரியதன்று, பெறுபவருக்கும் உண்டு. பக்கத்து வீட்டில் வேலை தொடங்கியதும், பத்தாண்டுகளாக இருந்த பழைய விரிசலையும் புதிய கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சுவரில் ஏற்பட்ட பிளவுக்கு வீடு முழுவதும் வண்ணம் பூசித் தரும்படி கேட்பவர்களும் இருக்கிறார்கள். இழந்ததை மீட்பது நீதி. இழப்பை முதலீடாக்குவது ஆசை. இடிந்தது மண்சுவராக இருந்து, ஈடாகக் கிடைப்பது கற்சுவராக இருந்தால், அந்த வேறுபாட்டில் தமக்கும் பங்குண்டு என்று உணர்பவரே நேர்மையானவர். நடுவுநிலைமை என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தையே வகுத்திருப்பது துலாக்கோலின் இரு தட்டுகளையும் கருதியே.

இதைப் பூசலின்றித் தீர்க்க எளிய வழிகள் உண்டு. வேலை தொடங்கும் முன் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்குத் தாமே செல்ல வேண்டும். ஆளை அனுப்பக் கூடாது. இருவருமாகச் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்து, இருக்கும் விரிசல்களைத் தேதியுடன் எழுதிப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். முட்டுக் கொடுக்கும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம். பக்கத்து வீட்டுக்குச் சேதம் நேர்ந்தால் யார் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடலாம். மழைக்காலத்தில் குழி தோண்டாமல் இருக்கலாம். இவையெல்லாம் ஆன்மிகமா என்று கேட்கலாம். பிறருக்குத் தீங்கு நேராதபடி முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதுதான் அஹிம்சை. அது காட்டில் விலங்குகளிடம் மட்டும் கடைப்பிடிக்கும் விரதமன்று. அஸ்திவாரக் குழியிலும் அதற்கு இடமுண்டு.

அப்படியும் விரிசல் விழலாம். ஐந்தாவது காரணம் எப்போதும் மனிதன் கையில் இல்லை. அப்போது முதலில் செய்ய வேண்டியது, கதவைத் தட்டி, 'அம்மா, என் வேலையால் உங்கள் சுவர் விரிந்துவிட்டது, நான் சரிசெய்து தருகிறேன்' என்று சொல்வதே. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குப் பணத்தைவிட அதிகமாக ஒன்று செலவாகிறது. 'நான் செய்யவில்லை' என்று சொல்லத் துடிக்கும் அகங்காரமே அது. சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவு மேஸ்திரிக்குத் தெரியும். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் மட்டும் எந்த ஐயத்துக்கும் இடமில்லை. அதை வேறு எவரும் அவருக்காகச் செலுத்த முடியாது.